கலாசாலை புகும் வாலிபர்களுக்கு

பள்ளி இறுதிப் பரீட்சையின் முடிவு வெளியாகிக் கலாசாலைகள் திறக்கப்படுகின்ற மாதங்களில் நம் நாட்டில் யாதொரு பஞ்சமும் இல்லாமல் இலவசமாகக் கிடைக்கக்கூடிய சரக்கு ஒன்று உண்டென்றால், அது புத்திமதியேயாகும். மாமன் சொல்லுவான், மச்சான் சொல்லுவான், பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் சொல்லுவார், ஜாதகக் கட்டைப் பார்த்து ஜோசியனும் சொல்லுவான். இத்தனை பேருடைய புத்திமதியையும் ஒன்றாய்க் கட்டிச் சுமந்துகொண்டு போகின்ற பிள்ளைக்குப் புஸ்தகம் சுமக்க முதுகில் இடமிருக்குமா என்பதே நமக்குச் சந்தேகம்.

ஆனாலும் புத்திமதிகளில் ஒரு வகை மாத்திரம் மற்றவைகளைப்போல் அல்ல. அது யாதெனில், படித்து முடித்து இருபது முப்பது வருஷம் உலகத்தில் அடிபட்ட ஒருவன், தான் பதினேழு வயதில் கலாசாலை வாயிலில் நின்ற நிலைமையை நினைத்துப் பார்த்து, “அன்றைக்கே இதை எனக்கு ஒருவன் சொல்லியிருந்தால்!” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளுவதாகும். அதில் பெருமை அடித்துக்கொள்ள வழியில்லை. பிறரை ஏமாற்றவும் அவசியமில்லை. ஆனால் அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? சொல்லுகிறவன் இருக்கிறான், கேட்க வேண்டிய பதினேழு வயதுப் பையன் போய்விட்டான். ஆதலால், தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியதை இன்றைக்கு இரயில் ஏறுகிற பிள்ளைக்குச் சொல்லுவதுதான் அறிவுடைமையாகும்.

இதில் ஒரு பெரிய வித்தியாசம் மறைந்திருப்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். தகப்பனும் பாட்டனும் காலேஜில் படித்த வீட்டில் இந்தப் புத்திமதி சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறப்படுகின்றது. எந்தப் பாடம் எடுத்தால் எங்கே போகலாம், எந்தப் பரீட்சைக்கு எந்தத் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும், ஆசிரியரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பவையெல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கேளாமலேயே தெரிகின்றன. கரும்பு வெட்டுகின்றவனுக்கும், செங்கல் அறுக்கின்றவனுக்கும், கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகின்றவனுக்கும் பிறந்த பிள்ளைக்கு இவைகளில் ஒன்றுகூடத் தெரியாது. பிறகு இருவரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்து, வருஷ முடிவில் மார்க்கைப் பார்த்து, “அவனுக்கு மூளை இருக்கிறது, இவனுக்கு இல்லை” என்கிறார்கள். சொத்திலெல்லாம் பெரிய சொத்து இந்தத் தகவல்தான். இதைப் பங்கு போடாமல் சமத்துவம் பேசுவதில் அர்த்தமில்லை.

திருவாலங்காட்டையே எடுத்துக்கொள்ளுவோம். தென்னிந்தியாவில் முதல் பிரயாணி இரயில் 1856ஆம் வருஷம் ஜூலை மாதம் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடிற்று. இன்று திருவாலங்காடு ஸ்டேஷன் நிற்பது அந்தப் பாதையில்தான். மறு வருஷம், அதாவது 1857ல், சென்னை சர்வகலாசாலை ஏற்பட்டது. அன்று முதல் கணக்கிட்டால், பட்டணத்துக்குப் போக வண்டியும், போய்ப் படிக்கச் சர்வகலாசாலையும் இவ்வூராருக்கு ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன என்று சொல்லலாம். அப்படியிருக்க, அந்தப் பாதைக்கு மண் சுமந்தவர்களுடைய பிள்ளைகள் அந்த வண்டியில் ஏறிக் காலேஜுக்குப் போக எத்தனை தலைமுறை ஆயிற்று என்று கேட்கின்றோம். தூரமோ அறுபது கிலோமீட்டருக்குள். தடுத்தது தூரமா? அல்லது டிக்கெட்டு விலை மாத்திரமா? இரண்டுமல்ல என்பது யாவருக்கும் தெரியும்.

நிற்க, படித்துப் பெரியவர்களானவர்கள் கலாசாலை புகுந்த காலத்தில் என்ன நிலைமையில் இருந்தார்கள் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். பக்கத்துத் திருத்தணியில் 1888ல் பிறந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். திருப்பதியிலும் வேலூரிலும் வாசித்துவிட்டுச் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் சேர்ந்தார். அவர் தத்துவ சாஸ்திரம் எடுத்ததற்குக் காரணம் என்னவென்றால், அதே கலாசாலையில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம்முடைய பழைய தத்துவப் புஸ்தகங்களை அவருக்குக் கொடுத்துவிட்டார் என்பதும், வேறு புஸ்தகம் வாங்கப் பணமில்லை என்பதுமே என்று அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். அவர் பிற்காலத்தில் 1948ல் நியமிக்கப்பட்ட சர்வகலாசாலைக் கல்விக் கமிஷனுக்குத் தலைவராகவும், 1962ல் இந்தியாவின் ஜனாதிபதியாகவும் ஆனார். ஆனதைப் பார்த்து, “எல்லாம் தலைவிதி” என்று சொல்லக் கூட்டம் காத்திருக்கின்றது. நாம் சொல்லுவது வேறு. கலாசாலையில் படித்த ஓர் உறவினர் இருந்தார். அவரிடம் பழைய புஸ்தகம் இருந்தது. விதி என்று இவர்கள் சொல்லுவது அந்தப் புஸ்தகக் கட்டைத்தான்! அப்படிப்பட்ட உறவினரும் கட்டும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன வழி என்பதுதான் கேள்வி.

இன்னொருவரைப் பார்ப்போம். இராமேசுவரத்துப் படகுக்காரர் மகனான அப்துல் கலாம் 1950ல் திருச்சி செயிண்ட் ஜோசப் கலாசாலையில் சேர்ந்தார். இண்டர்மீடியட் முடித்து, பௌதிகத்தில் பி.எஸ்ஸி.யும் முடித்த பிறகுதான், தாம் நினைத்த காரியத்துக்கு வேண்டியது இஞ்சினீயரிங் படிப்பு என்பது அவருக்குத் தெரியவந்தது. இண்டர்மீடியட் முடிந்தவுடனேயே அதில் சேர்ந்திருக்கலாம். அப்படி ஒரு வழி இருப்பதே தமக்கு அப்போது தெரியாது என்று 1999ல் வெளிவந்த தம்முடைய புஸ்தகத்தில் அவரே சொல்லியிருக்கிறார். பிறகு சென்னைக்கு வந்து குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேருவதற்கு வேண்டிய ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்க்காக அவருடைய தமக்கையார் தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். இவ்வளவு கூர்மையான புத்தி படைத்தவருக்கே, விவரம் சொல்ல ஆளில்லாத ஒரே காரணத்தால் வருஷங்கள் சுற்று வழியாய்ப் போயிற்றென்றால், சாதாரணப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

ஆதலால் நம்முடைய முதல் புத்திமதி: விசாரி. ஒரு பாடத்தில் சேருவதற்கு முன், அதில் மூன்றாவது வருஷம் படிக்கிற இரண்டு பேரையாவது கண்டு கேள். என்ன புஸ்தகம் படிக்கிறார்கள், எது கஷ்டம், முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேள். மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. மூன்று நான்கு வருஷ வாழ்வை விற்று வாங்குகிற பட்டத்தை விளம்பரப் பலகையையும், பக்கத்து வீட்டுக்காரன் மகனையும் பார்த்து வாங்குவது எந்தப் புத்தியில் சேர்ந்தது? கலியாணச் சந்தையில் மாப்பிள்ளையின் விலை ஏறும் என்று பார்த்துப் பட்டத்தைத் தெரிந்தெடுக்கிற தகப்பன்மார்களும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளையைப் படிக்க வைக்கவில்லை; கொழுக்க வைக்கிறார்கள் என்றுதான் நாம் சொல்லுவோம்.

இரண்டாவது, கலாசாலையின் சட்டத்தை முதல் மாதத்திலேயே தெரிந்துகொள். கணித மேதை இராமானுஜனுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். 1904ல் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாததால் உபகாரச் சம்பளம் போயிற்று. பிறகு சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் உண்டு என்பது அன்றைய விதி. உலகம் புகழ்ந்த கணித அறிவு ஒரு பரீட்சைத் தாளின் முன் செல்லாக் காசாயிற்று. 1912ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாய்ச் சேர்ந்தார். இந்த விதி முட்டாள்தனமானது என்பதில் நமக்கு ஆக்ஷேபணையில்லை. ஆனால் முட்டாள்தனமான விதியும் விதியே. அதை மாற்றுகிற வரையில் அதில் அகப்பட்டுக்கொள்ளாமல் தப்பும் வழியைத் தெரிந்துகொள்ளுவது கோழைத்தனமல்ல. வருகைக் கணக்கு எவ்வளவு வேண்டும், தவறிய பரீட்சையை எப்போது எழுதலாம், மார்க்கைத் திரும்பப் பார்க்கச் சொல்ல உரிமையுண்டா என்பவைகளை அறியாமலேயே படிப்பை விட்டு வீட்டுக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர்.

இராமானுஜன் சரித்திரத்தில் இன்னொரு பாடமும் உண்டு. அவர் தம் நோட்டுப் புஸ்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முன்பின் அறியாதவர்களிடமெல்லாம் போய்க் காட்டினார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி என்ற ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். அவ்வருஷமே சென்னை சர்வகலாசாலை மாதம் எழுபத்தைந்து ரூபாய் கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொல்லிற்று. பரீட்சையில் தவறிய அதே மனிதர்தான், அதே சர்வகலாசாலைதான்! நாமக்கல் தேவி கனவில் வந்து கணக்குச் சொன்னாள் என்கிறவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். தேவி ஸ்டாம்பு ஒட்டித் தபாலில் போடவில்லை. தபாலில் போட்டவர் இராமானுஜன். தேறவில்லையே என்று வெட்கப்பட்டு மூலையில் உட்கார்ந்திருந்தால் அந்த நோட்டுப் புஸ்தகம் கரையானுக்குத்தான் ஆகியிருக்கும்.

இங்கேதான் நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகின்றோம். அதுதான் வெட்கம். பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் மதுராந்தகத்துக்கு அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் 1939ல் வெளியிட்ட தம்முடைய ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில், கோயமுத்தூர்க் கலாசாலையில் வாசித்த காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கிருந்த சுமார் நானூறு பிள்ளைகளில் பத்துப் பேர் நீங்கலாக மற்றவர்கள் பிராமணர்கள். மற்றப் பிள்ளைகளோடு பழகினால் தம் ஜாதியும், குடும்பமும், இருப்பிடமும் தெரிந்துவிடும், தெரிந்தால் இழிவாய் நடத்துவார்கள் என்று பயந்து, மணி அடிக்கும் வரையில் வெளியே எங்கேயாவது இருந்துவிட்டு, அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். பிற்காலத்தில் 1930ல் இலண்டன் வட்டமேஜை மகாநாட்டில் போய் உட்கார்ந்து தம் ஜனங்களுக்காகப் பேசிய மனிதர், கலாசாலையில் தம் ஊர்ப் பெயரைச் சொல்லப் பயந்திருந்தார்! குற்றம் செய்தவர்கள் வகுப்புக்குள்ளே தைரியமாய் உட்கார்ந்திருந்தார்கள். குற்றமே செய்யாதவர் வெளியே ஒளிந்திருந்தார். வெட்கத்தை இப்படித் தலைகீழாய் மாற்றி வைத்ததுதான் ஜாதியின் சாமர்த்தியம்.

இன்று மணி அடிக்கும்வரை ஒளிந்திருக்க வேண்டியதில்லை என்று சிலர் சொல்லக்கூடும். வெளியில் ஒளிவது போய்விட்டது. உள்ளே ஒளிவது போகவில்லை. பாடம் விளங்காவிட்டால் எழுந்து கேட்க வெட்கம். அப்பனுடைய தொழிலைச் சொல்ல வெட்கம். உபகாரச் சம்பள விண்ணப்பத்தை எல்லார் முன்னிலையிலும் நீட்ட வெட்கம். தமிழில் படித்து வந்தேன் என்று சொல்ல வெட்கம். இந்த வெட்கங்களால் யாருக்கு லாபம் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார். நீ கேளாமலிருந்தால் கேட்கிறவனுக்கு லாபம். நீ விண்ணப்பம் கொடாமலிருந்தால் சர்க்கார் கஜானாவுக்கு லாபம். உனக்கு நஷ்டம் தவிர வேறில்லை.

இங்கிலீஷைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஒரு கருவி, மண்வெட்டியைப் போல. மண்வெட்டி பிடிக்கத் தெரியாதவன் வெட்டக் கற்றுக்கொள்ளுகிறானே யொழிய, தெரிந்தவன் காலில் விழுவதில்லை. இங்கிலீஷ் பேசுகிறவனெல்லாம் அறிவாளியுமல்ல, பேசத் தெரியாதவனெல்லாம் மூடனுமல்ல. ஆனால் இதையே சாக்காய் வைத்துக்கொண்டு கற்காமலிருப்பதும் தற்கொலைக்குச் சமானம். தினமும் ஒரு பக்கம் படி; தெரியாத சொல்லை எழுதி வை; தப்பாகவே பேசு; சிரிக்கிறவன் சிரிக்கட்டும். ஒரு வருஷத்தில் அவன் சிரிப்பு நின்றுவிடும்.

பெண்களுக்கு இந்த வெட்கம் இரட்டைப் பங்காய்ச் சுமத்தப்படுகின்றது. புதுக்கோட்டையில் 1886ல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் அவ்வூர் மகாராஜா கலாசாலையில் சேர விரும்பியபோது, பெண் வந்தால் ஆண்பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பிற்று. மகாராஜா உத்தரவு கொடுத்ததால் சேர்ந்தார். 1907ல் சென்னை மருத்துவக் கலாசாலை புகுந்து 1912ல் பட்டத்தோடு வெளிவந்தார். 1954ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஏற்பட்டது அவருடைய உழைப்பால்தான். அன்று கதவடைத்தவர்கள் ஜெயித்திருந்தால் எத்தனை உயிருக்கு நஷ்டம்! நம் நாட்டை மாத்திரம் சொல்லுவானேன்? பெரிய பெயர் படைத்த கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையே 1948 வரையில் பெண்களுக்குச் சரிசமமான பட்டம் கொடுக்கவில்லை. ஆகவே, ஒரு பெண் கலாசாலை வாயிலில் தயங்கி நின்றால், அது அவளுடைய பயமல்ல. பல தலைமுறை ஆண்களுடைய அநியாயத்தின் பாக்கியாகும். பஸ் சரியில்லை, காலம் சரியில்லை, வரன் வந்திருக்கிறது என்று சொல்லிப் பாதியில் நிறுத்துகிற பெற்றோர், அதே காரணத்துக்காக மகன் படிப்பை நிறுத்துவார்களா என்று தங்கள் மனதையே கேட்டுக்கொள்ளட்டும்.

பண விஷயத்தில் யாரும் பிச்சை கேட்பதாய் நினைக்க வேண்டியதில்லை. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் மெட்ரிகுலேஷனுக்கு மேல் படிக்க உபகாரச் சம்பளம் 1944ல் ஏற்பட்டது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகிறவருக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை 2010ல் உத்தரவாயிற்று. அரசாங்கப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022லும், ஆண்களுக்கு 2024லும் தொடங்கின. இவைகளுக்கு நிபந்தனையும் தேதியும் உண்டு. அவைகளைக் கலாசாலை ஆபீசில் நேரில் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஏழை கட்டிய வரியிலிருந்து வருகிற பணம் இது. யாருடைய வீட்டுத் தர்மமுமல்ல.

இனி இரயில் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இத்தலையங்கம் எழுதியதே வீண். அரக்கோணம் பாதையில் தினமும் பட்டணம் போய்வருகிற மாணாக்கர்களில் சிலர், இன்ன காலேஜ், இன்ன ரூட்டு என்று கட்சி கட்டிக்கொண்டு, ரூட்டுக்கு ஒரு ‘தல’ ஏற்படுத்தி, கத்தியும் கல்லுமாய் அடித்துக்கொள்ளுகிறார்கள். 2024 அக்டோபரில், திருத்தணிப் பக்கத்திலிருந்து சென்னையில் படிக்க வந்த ஒரு வாலிபர், சென்ட்ரல் ஸ்டேஷன் அருகே வேறு கலாசாலை மாணாக்கர்களால் தாக்கப்பட்டுச் சில நாட்களில் ஆஸ்பத்திரியில் இறந்தார். அடித்தவர்களும் எளிய வீட்டுப் பிள்ளைகளே. அடிபட்டவரும் எளிய வீட்டுப் பிள்ளையே. எந்தக் கலாசாலைக்குள் நம் பாட்டன்மார் கால் வைக்க விடப்படவில்லையோ, அந்தக் கலாசாலையின் பெயருக்காக நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளுகிறார்கள் என்றால், இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உலகத்தில் வேறு உண்டா? ஒருவர் பிணமாகிறார், சிலர் ஜெயிலுக்குப் போகிறார்கள், இரண்டு பக்கத்திலும் தாய்மார்கள் அழுகிறார்கள். காலேஜ் கட்டடம் மாத்திரம் ஒரு செங்கல்லும் அசையாமல் நிற்கின்றது. புதிதாய்ச் சேர்ந்த பிள்ளையே, கட்சியில் சேர வா என்று கூப்பிடுகிற முதல் நாளே வேறு பெட்டியில் ஏறு. கோழை என்பார்கள், சொல்லட்டும். உன்னைக் கோழை என்றவன் உன் தாய்க்குச் சோறு போடப் போவதில்லை.

கையில் ஜாதிக் கயிறு கட்டுவதும் இதே பைத்தியத்தின் வேறு உருவமே. 2023ல் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து ஒரு மாணாக்கனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். அதன் பேரில் நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு அவர்களின் கமிட்டி இத்தகைய அடையாளங்களை ஒழிக்க வேண்டும் என்று 2024ல் சொல்லிற்று. கமிட்டி சொல்லித்தானா தெரிய வேண்டும்? மாட்டுக்குக் கயிறு கட்டுவது அது ஓடிவிடாமலிருக்க. மனிதனுக்குக் கட்டுவதும் அதற்குத்தான்.

இவைகளிலிருந்து தப்பிய நேரத்தை என்ன செய்வது என்றால், கண்ணைத் திறந்து வைத்துக்கொள் என்போம். திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு எப்படிச் சாறாகிச் சர்க்கரையாகிறது என்பதில் ரசாயனம், இயந்திரம், விவசாயம், கணக்கு, கூலி வழக்கு எல்லாம் அடங்கியிருக்கின்றன. அவ்வூரில் கிடைத்த இராசேந்திர சோழன் செப்பேடுகளைப் பற்றி உலகமெங்கும் சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். அதன் வடமொழிப் பகுதி அரச குலம் சூரியனிலிருந்து வந்ததாய்ப் புகழுகின்றது; தமிழ்ப் பகுதி பழையனூரை விட்டுக் கொடுத்த விவரமும் எல்லையும் சொல்லுகின்றது. எது புகழ்ச்சி, எது சாட்சியம் என்று பிரித்தறிவதற்குப் பெயர்தான் படிப்பு. பட்டணத்தில் 1896ல் திறந்த கன்னிமாரா நூல்நிலையம் எழும்பூரில் இருக்கிறது. 2010ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் அங்கே போய் உட்காருகிறவன், பட்டத்தோடு அறிவையும் கொண்டுவருவான். போகாதவன் பட்டத்தை மாத்திரம் கொண்டுவந்து, ஆலை வாயிலில் ஒப்பந்தக் கூலிக்கு வரிசையில் நிற்க நேரிடும்.

கடைசியாக, முன்னமே படித்து முடித்துவிட்ட நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. “அன்றைக்கே தெரிந்திருந்தால்” என்று உங்களுக்குள் சொல்லிக்கொள்ளுவதில் யாருக்கும் லாபமில்லை. ஒவ்வொரு ஊரிலும் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி இறுதி வகுப்பு முடித்த பிள்ளைகளையும், பெற்றோரையும் பள்ளிக்கூடத்திலோ மரத்தடியிலோ கூட்டி, நீங்கள் படித்த பாடம், பட்ட கஷ்டம், ஆன செலவு, தவறவிட்ட தேதி யாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். பழைய புஸ்தகத்தைப் பரணில் போடாமல் கையில் கொடுங்கள். முதல் நாள் கூடவே இரயிலேறிக் கலாசாலை ஆபீஸ் வரையில் போய் வாருங்கள். இதற்குப் பணம் வேண்டியதில்லை. நல்ல நேரம் பார்க்க வேண்டியதுமில்லை.

கலாசாலை புகும் வாலிபர்களே! பெண்களே! உங்களுக்கு முன் அந்த வாயிலில் நின்றவர்கள் ஒளிந்து நின்றார்கள். எதிர்ப்பைத் தாண்டி நுழைந்தார்கள். தெரியாமல் சுற்றி வந்தார்கள். அவர்கள் பட்ட பாட்டினால்தான் அக்கதவு இன்று இவ்வளவாவது திறந்திருக்கிறது. ஆகவே, நிமிர்ந்து உள்ளே போங்கள், தெரியாததைக் கேளுங்கள், தெரிந்ததைப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு இதை முடிக்கின்றோம்.